கோடியக்கரை உப்பளத்தில் ஒரு குட்டி உள்ளான்: அடையாளம் காண உதவி தேவை

கொசு உள்ளான் (Little Stint, நீர்க்கரையில் மேயும் சிறு பறவை) கூட்டத்தோடு ஒரு பறவை மேய்கிறது. அதற்கு நெருங்கிய உறவான செங்கழுத்து ஸ்டின்ட்டாக (Red-necked Stint) இருக்குமோ என்று சந்தேகம். முடிவு செய்ய முடியவில்லை.

இடம்: கோடியக்கரை, உப்பளப் பாத்திகளின் வரப்போரம். பிப்ரவரி, காலை ஏழிலிருந்து ஒன்பது வரை. தூரம் 50 மீட்டருக்கும் மேல். 80 மி.மீ. ஸ்பாட்டிங் ஸ்கோப் (பறவை பார்க்கும் தொலைநோக்கி), 20-60 மடங்கு ஐபீஸ், அதில் கிளிப் மாட்டிய போன். ஒன்பதுக்கு மேல் கானல் அலையில் 40 மடங்கைத் தாண்டினாலே அலகு கரைந்துவிடுகிறது.

கால் கறுப்பு, அதனால் மஞ்சள் கலந்த கால் கொண்ட டெமிங்க் ஸ்டின்ட் இல்லை. உடல் அளவு பக்கத்துப் பறவைகளைப் போலவேதான், அதனால் இவற்றைவிடப் பெரிய சாண்டர்லிங்கும் இல்லை. அலகு கட்டை, நுனி மழுங்கல். பின்பக்கம் நீண்டு தெரிகிறது. முதுகு வெளிர் சாம்பல், இறகின் நடுத்தண்டு மட்டும் மெல்லிய கருங்கோடு. கால் குட்டையாகத் தெரிகிறது, ஆனால் சேற்றில் புதைந்து நடக்கும் பறவையின் கால் நீளத்தை நான் நம்பமாட்டேன்.

செய்து பார்த்தவை: வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி வரப்பு மாறி நின்றேன். வீடியோ எடுத்து ஒவ்வொரு ஃப்ரேமாகப் பிரித்தேன். பறவையை அடையாளம் சொல்லும் மெர்லின் செயலி படத்துக்குப் படம் பெயரை மாற்றுகிறது (ஸ்டின்ட் விஷயத்தில் அதை நம்பிப் பட்டியலில் ஏற்றக் கூடாது). குரல் பதிவில் காற்றிரைச்சல்தான் மிச்சம். ஏப்ரலில் கழுத்துச் சிவப்பு ஏறினால் சிக்கலே இல்லை, அதுவரை இங்கேயே இருக்குமா என்பது சந்தேகம்.

குளிர்கால இறகில், இந்தத் தூரத்தில், கொசு உள்ளானிலிருந்து இதைப் பிரிக்க நீங்கள் முதலில் நம்பும் அடையாளம் எது, அதற்கு எந்தக் கோணத்தில் படம் வேண்டும்?