புதுப்பிப்பு: மைவி காரின் முன்சக்கர பிரேக் டிஸ்க்கை மாற்றியாச்சு

போன மாதம் கேட்டிருந்தேன்: வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது, டிஸ்க்கை லேத்தில் கடைந்து சமமாக்குவதா, புதிது போடுவதா, புதிது என்றால் துளை போட்டதா, சாதாவா என்று. முடிவு: புதிது, சாதா.

சுங்கை சிப்புட்டில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் டிஸ்க்கைக் கழற்றிக் காட்டினார். குறைந்தபட்சக் கனம் அதிலேயே பொறித்திருக்கிறது. துருவைச் சுரண்டித்தான் படிக்க முடிந்தது. கனம் அளக்கும் மைக்ரோமீட்டரை எட்டு இடத்தில் வைத்தார். ஒரு பக்கம் அந்த அளவைத் தொட்டேவிட்டது. இனி எங்கே கடைவது!

"தோட்டத்துக்கும் டவுனுக்கும் ஓடுற வண்டிக்கு ஓட்டை எதுக்கு தம்பி? செம்மண்ணு அடைக்கவா?" என்றார். சரிதான்.

அப்புறம், புதிதை மாட்டும் முன், டிஸ்க் உட்காரும் ஹப்பில் இருந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். அங்கே ஒரு செதில் ஒட்டியிருந்தாலும் டிஸ்க் கோணலாகச் சுற்றும், கொஞ்ச நாளில் நடுக்கம் திரும்பிவிடும். முன்பு வேறு கடையில் கடைந்தபோது இதை யாரும் செய்யவில்லை. டிஸ்க்கில் பூசிவரும் எண்ணெயையும் கிளீனர் அடித்துத் துடைத்தார். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடும் புதிது.

புதுப் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படியட்டும் என்று முதல் சில நாள் செம்பனை லோரிகளுக்குப் பின்னால் நிதானமாகப் பிரேக் பிடித்து ஓட்டினேன். நேற்று ஈப்போ போய்வந்தேன். ஸ்டியரிங் அசையவே இல்லை.