பூசை அறிவிப்பில் வேட்பாளர் பெயர் சொல்லலாமா?

கடலோரத்தான்:
குமரி மாவட்டத்தில் கடற்கரை ஊர் எனக்கு. தேர்தல் வந்தால் சர்ச்சில் ஞாயிறு பூசை முடிவில் அன்பியக் (பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சேர்ந்த ஜெபக் குழு) கூட்ட அறிவிப்போடு சேர்த்து, "நம்ம ஆளு யாருன்னு உங்களுக்கே தெரியும்" என்று பங்குத்தந்தை ஒரு வரி சொல்வார். போன முறை பெயரையே சொல்லிவிட்டார். சட்டப்படி இது சரியா? வீட்டில் கேட்டால் சாமியாரை எதிர்த்துப் பேசாதே என்கிறார்கள்.

நெல்லை வக்கீல்:
சரியில்லை. மத நிறுவனங்களைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்க 1988-இல் ஒரு சட்டம் வந்தது. கோயில், மசூதி, சர்ச் எதன் இடத்தையும் கட்சிப் பிரசாரத்துக்கு விடக்கூடாது, மீறினால் 5 ஆண்டு வரை சிறை. அதுபோக மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு, இன்னாருக்குப் போடாவிட்டால் தெய்வக் குற்றம் என்று பயமுறுத்துவதை ஊழல் நடவடிக்கை என்கிறது. ஆனால் வேட்பாளர் தரப்புக்கு அதில் பங்கிருந்ததை நிரூபிக்க வேண்டும், அங்கேதான் வழக்கு படுத்துவிடும்.

குளச்சல் மச்சான்:
சட்டம் கிடக்கட்டும். 2017-இல் ஒக்கிப் புயலில் காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லிக் குழித்துறையில் தண்டவாளத்தில் உட்கார்ந்தோமே, கூட நின்றது எந்தக் கட்சிக்காரன்? ஃபாதர்கள்தானே. போராட மட்டும் அவர்கள் வேண்டும், ஓட்டு நேரத்தில் வாயை மூடணுமா? சாதிச் சங்கம் பெயர் சொன்னால் யாரும் கேட்பதில்லை.

மறைக்கல்வி டீச்சர்:
கூட நின்றார்கள் அண்ணா, மறுக்கவில்லை. ஆனால் சாதிச் சங்கத் தலைவரிடம் நான் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லலாம். பங்குத்தந்தையிடம்? பிள்ளைக்கு ஞானஸ்நானம், தங்கச்சி கல்யாணத்துக்கு ஓலை வாசிப்பது (பூசையில் கல்யாண அறிவிப்பு), அப்பாவின் அடக்கம், எல்லாவற்றுக்கும் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும். எங்கள் பங்கில் வேறு கட்சிக்கு வேலை செய்த ஒருவர் கல்யாணக் கடிதம் கேட்டுப் போனபோதுதான் சர்ச்சுக்குக் கட்ட வேண்டிய பழைய வரி பாக்கியெல்லாம் நோட்டிலிருந்து வெளியே வந்தது. கடலரிப்பு, துறைமுகம், டீசல் மானியம் பற்றிப் பேசட்டும், எல்லா வேட்பாளரையும் கூப்பிட்டு ஊர் முன்னால் கேள்வி கேட்கட்டும். பீடத்தில் நின்று ஒரு பெயரைச் சொன்னால், கீழே இருக்கிறவன் எழுந்து பதில் பேச முடியாதே.

கடலோரத்தான்:
வக்கீல் சார், கோயிலுக்கு வெளியே வந்து சொன்னால்?

நெல்லை வக்கீல்:
கோயிலுக்குச் சொந்தமான இடம் எல்லாமே கணக்கில் வரும், கல்யாண மண்டபம் உட்பட. டீக்கடையில் நின்று சொந்தக் கருத்தாகச் சொன்னால் அது அவர் உரிமை.