மறு: ஆடிக் கொடைக்கு ட்ரோன் படம்

அண்ணாச்சிமார், தம்பிமார் எல்லோருக்கும் வணக்கம்.

ஆடி மாதம் நம்ம ஊர்க் கோயிலில் நடக்கும் கொடைத் திருவிழாவை ட்ரோனில் படம் எடுக்கலாம் என்று துபாய் அண்ணாச்சி எழுதியதற்கு ஆளாளுக்குச் சரி போட்டுவிட்டீர்கள். ஓமானில் சர்வே கம்பெனியில் ட்ரோன் ஓட்டித்தான் சம்பளம் வாங்குகிறேன், அதனால் நானும் கொஞ்சம் சொல்கிறேன்.

அண்ணாச்சி, அங்கிருந்து வாங்கி வராதீர்கள். 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோனை இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்புத் தேவைக்கு மட்டும் விலக்கு. பெட்டியில் வைத்து வந்தால் கஸ்டம்ஸில் நின்றுவிடும். பணகுடியில் கல்யாண வீடியோ எடுக்கிற பையன்களிடம் இல்லாத ட்ரோனா? பறக்கவிடும் முன், எங்கே பறக்கலாம் என்று நிறம் பிரித்துக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் நம்ம ஊர் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துவிடச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மகேந்திரகிரி இஸ்ரோ, இன்னொரு பக்கம் கூடங்குளம். விளையாட்டு இல்லை.

இனி காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைக் காத்தாடி நிற்கிறது. ஆனால் கோயில் முற்றத்தில் நின்றால் அது தெரியாது. சுற்றிலும் வீடும் புளியமரமும் மறைத்துக்கொள்ளும். “காத்தே இல்லையே” என்று தூக்குவார்கள். மரத்தைத் தாண்டி ஏறியதும் ட்ரோன் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்று திணறும். டிஜேஐ கம்பெனியின் மினி 4 ப்ரோ மாதிரி 250 கிராமுக்குள் இருக்கும் சின்ன ட்ரோன் வினாடிக்கு 10.7 மீட்டர் காற்றைத்தான் தாங்கும் என்று கம்பெனியே சொல்கிறது. மணிக்கு 38 கிலோமீட்டர் சொச்சம். ஆடி மாத மத்தியானத்துக்கு அது ஒரு பொருட்டா?

காற்றோடு போகும்போது ஒன்றும் தெரியாது, திரும்பும்போதுதான் வினை. ட்ரோனின் வேகம் வினாடிக்கு 12 மீட்டர், எதிர்க்காற்று 10 மீட்டர் என்றால் மிச்சம் 2 மீட்டர்தான். ஒரு நிமிடத்துக்குள் போன 500 மீட்டரைத் திரும்பிக் கடக்க நாலு நிமிடத்துக்கு மேல் ஆகும், பேட்டரியும் தண்ணீராய்க் கரையும். அதனால் முதலில் காற்றை எதிர்த்து, அதாவது மேற்கே போக வேண்டும்; திரும்பும்போது காற்றே கொண்டுவந்து சேர்க்கும். இன்னொன்று, பதற்றத்தில் ‘வீட்டுக்குத் திரும்பு’ பொத்தானை அமுக்கினால் ட்ரோன் நாம் முன்பே வைத்த உயரத்துக்கு ஏறிவிட்டுத்தான் திரும்பும். மேலேதான் காற்று அதிகம்! அந்த நேரத்தில் கையாலேயே ஓட்டி, மரமும் கம்பியும் இல்லாத பக்கமாகத் தாழ இறக்கிக் கொண்டுவருவதுதான் புத்தி. காத்தாடிகளுக்குப் பின்பக்கம் போகவே வேண்டாம், அங்கே காற்று சுழன்றுகொண்டிருக்கும்.

சாரல் அடித்தால் உடனே இறக்கிவிட வேண்டும். “தூறல்தானே” என்பார்கள். இந்தச் சின்ன ட்ரோன்களுக்கு நீர்க்காப்பு கிடையாது. நமக்குச் சாரல் தரும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் இங்கே சலாலாவில் மூடுபனியும் தூறலுமாக இறங்குகிறது. அங்கே வேலைக்குப் போனால் பனி விலகும்வரை வண்டியிலேயே உட்கார்ந்திருப்போம். பனிக்குள் தடையைக் கண்டுபிடிக்கும் கேமராக்களுக்கும் கண் தெரியாது, நமக்கும் ட்ரோன் தெரியாது. ஐப்பசி இடிமழைக்காலத்தில் மழைக்கு முன்னே சில்லென்று ஒரு காற்று வருமே, அது முகத்தில் பட்டதும் ட்ரோன் தரையில் இருக்க வேண்டும்.

கனடாத் தம்பி குளிரைப் பற்றிக் கேட்டிருந்தான். மினி 4 ப்ரோவுக்கு மைனஸ் 10 டிகிரி வரைதான் கணக்கு. பேட்டரியைக் கோட்டுக்குள் வைத்துச் சூடாக்கிவிட்டுப் போடு; ஏறியதும் ஒரு நிமிடம் தாழ்வாகவே நிறுத்திப் பார். வெயிலில் மேல்வரம்பு 40 டிகிரி. பறந்து இறங்கிய சூட்டோடு சார்ஜ் போடாதீர்கள்.

ஆக, என் யோசனை: காலையில் பால்குடம் வரும்போது மட்டும் எடுக்கலாம். அந்த நேரத்தில் பெரும்பாலும் காற்று தணிந்திருக்கும், வெளிச்சமும் நன்றாக விழும். ஊர்வலத்தின் தலைக்கு மேலே கொண்டுபோகாமல் பக்கவாட்டில் வயல் மேல் ஓட்டட்டும். மதியக் கொடைக்கு வேண்டாம், காற்று உச்சத்தில் இருக்கும். நள்ளிரவில் நடக்கும் சாமக்கொடைக்கு இருட்டு, வெடி வேறு. வில்லுப்பாட்டு நேரத்தில் அந்த இரைச்சல் எதற்கு, பாட்டைக் கேட்க விடுங்கப்பா.

ஓட்டுகிற பையனுக்குப் பக்கத்தில் வானத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு நிற்க ஒரு ஆள் வேண்டும். ஊருக்குப் போகிறவர்களில் யார் நிற்கிறீர்கள் என்று சொல்லுங்கள். காற்று கூடினால் படம் கிடையாது என்பதைப் பையனிடம் முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள்.