நாகர்கோவிலில் சின்ன சர்வர் ரூம்: கேட் 6 (Cat 6) நெட்வொர்க் கேபிள் போதுமா, 6ஏ வேண்டுமா?

நாஞ்சில்வாசி:
நாலு ரேக் வைக்கிற அளவுக்கு சர்வர் ரூம் போடுகிறோம், பக்கத்துக் கட்டடத்தில் மீட்டிங் ஹாலும் உண்டு, அங்கே திரை, மைக், ஸ்பீக்கர் எல்லாம் இதே நெட்வொர்க்கில்தான் ஓட வேண்டும். காண்ட்ராக்டர் கேட் 6 போதும் என்கிறார், கேமரா கேபிளையும் கரண்டு ஒயர் போகிற டிரேயிலேயே விட்டுவிடலாமாம். சரியா?

தக்கலைக்காரன்:
நொடிக்கு 10 கிகாபிட் வேகம் வேண்டுமென்றால் கேட் 6 அதிகபட்சம் 55 மீட்டர்தான், பல கேபிள் கட்டாகச் சேர்ந்து போனால் அதுவும் குறையும். 6ஏ என்றால் 100 மீட்டர், அதில் நிரந்தரமாகப் பதிக்கிறது 90, மீதி பேட்ச் கார்டுக்கு, அதாவது இரு முனையிலும் செருகுகிற சின்னக் கேபிளுக்கு. கரண்டு ஒயரோடு ஒரே டிரேயா? வேண்டவே வேண்டாம் அண்ணே. அப்புறம், ரோலில் ஒரு துண்டு வெட்டிக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். செம்புக்குள் வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். கேமராவுக்கு மின்சாரமும் அதே கேபிளில் போகும்போது சூடாகிவிடும்.

குளச்சல் கடற்காற்று:
கட்டடத்துக்குக் கட்டடம் செம்பு இழுக்காதீர்கள், ஃபைபர்தான் (கண்ணாடி இழைக் கேபிள்). எங்கள் பழைய ஆபீசில் ஐப்பசி இடியில் ஒரே ராத்திரி இரண்டு நெட்வொர்க் சுவிட்ச் போய்விட்டது, காலையில் பார்த்தால் போர்ட்டெல்லாம் கறுத்துக் கிடக்கிறது. கடல் பக்கம் என்றால் உப்புக்காற்று வேறு, வெளிக் கேமராவின் முனையில் பச்சை பூத்துவிடும், மூடிய பெட்டிக்குள் விடுங்கள்.

நாஞ்சில்வாசி:
சுரண்டினேன், வெள்ளைதான். ரோல் திரும்பிப் போகிறது. கதவுக்கு விரல்ரேகைப் பூட்டு போடலாமா?

தக்கலைக்காரன்:
போடலாம். ஆனால் தீ அலாரம் அடித்தால் உள்ளே இருப்பவர் விரல் வைக்காமலே வெளியே வர முடிய வேண்டும், அதைக் கண்முன்னால் செய்து காட்டச் சொல்லிவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.