1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் கிடைக்கவில்லை என்றால் இரண்டு 470 போடலாமா?

திருச்சித்தம்பி:
எல்.சி.டி. மானிட்டர் ஒன்று. பவர் லைட் கண் சிமிட்டுகிறது, படம் வரவில்லை. பவர் போர்டில் 5 வோல்ட் லைனில் உள்ள 1000 மைக்ரோஃபாரட், 10 வோல்ட் கெப்பாசிட்டர் தலை உப்பியிருக்கிறது. கடையில் அது இல்லை. கையில் 470 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் இரண்டு இருக்கின்றன. பேரலலாகப் போடலாமா?

ஈயக்கம்பி:
தாராளமாகப் போடுங்கள் தம்பி. பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ், 940 வரும். இந்த எலக்ட்ரோலிட்டிக் வகை கெப்பாசிட்டரில் 20 சதவீதம் கூடக்குறைய இருப்பது சகஜம், 1000 என்று அச்சடித்ததே 800 இருக்கலாம். 16 வோல்ட் என்பதும் வசதிதான்.

பழையவால்வு:
அந்த 20 சதவீதம் 470-க்கும் உண்டே. ஆளுக்கு 376 என்றால் மொத்தமே 752. சரி, அதைக்கூட விட்டுவிடலாம். இது எஸ்.எம்.பி.எஸ். (வேகமாக ஸ்விட்ச் செய்து வோல்டேஜை மாற்றும் பவர் சப்ளை) அவுட்புட். பல்லாயிரம் ஹெர்ட்ஸில் ரிப்பிள், அதாவது ஏறி இறங்கும் கரண்ட், ஓடும் இடம். சாதாரண ரகம் என்றால் ஈ.எஸ்.ஆர். (கெப்பாசிட்டரின் உள் மின்தடை) அதிகம், சூடாகி மறுபடி உப்பும். 105 டிகிரி சூடு தாங்கும், லோ ஈ.எஸ்.ஆர். ரகம் கிடைக்கும்வரை மானிட்டர் ஓரமாக இருக்கட்டும்.

ஈயக்கம்பி:
அண்ணே, ஒரே ரகத்தில் இரண்டு போட்டால் ஈ.எஸ்.ஆர். பாதியாகுமே! ரிப்பிளையும் பங்கு போட்டுக்கொள்ளும். நிறைய போர்டுகளில் கம்பெனிக்காரனே அந்த லைனில் இரண்டு மூன்று பேரலலாக வைக்கிறான்.

பழையவால்வு:
அவன் ஒவ்வொன்றுக்கும் துளை போட்டு வைக்கிறான். இங்கே இரண்டாவதை எங்கே வைப்பது? கம்பி நீட்டி ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) பக்கம் தொங்கவிட்டால் வெப்பமே அதைத் தின்றுவிடும். இதில் புதுசு ஒன்று, பழைய போர்டில் கழற்றியது ஒன்று என்று ஜோடி சேர்ப்பவர்கள் வேறு. ஈ.எஸ்.ஆர். எதில் குறைவோ அதன் தலையில்தான் சுமை விழும்.

கோவைமெக்கானிக்:
எதற்கு இவ்வளவு பயம்? மெயின் ஃபில்டரில், அதாவது கரண்ட் உள்ளே வரும் பக்கத்துப் பெரிய கெப்பாசிட்டருக்கு, 400 வோல்ட் கிடைக்காமல் 220 மைக்ரோஃபாரட், 200 வோல்ட் இரண்டை சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) போட்டேன். ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

ஈயக்கம்பி:
இதில் நான் அண்ணன் கட்சி. முதலில், சீரிஸில் அது 110 ஆகிவிட்டது. 230 ஏசியை ரெக்டிஃபை செய்தால் (டிசி ஆக்கினால்) 325 வோல்ட் வரும். இரண்டின் லீக்கேஜும் (உள்ளே கசியும் கரண்ட்) சமமாக இல்லாவிட்டால் ஒன்று 200-ஐத் தாண்டும். பழைய கம்ப்யூட்டர் சப்ளைகளிலும் சீரிஸில் இரண்டு இருக்கும், ஆனால் வோல்டேஜைச் சமமாகப் பங்கிட ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு ரெசிஸ்டர் இருக்கும். நீங்கள் போட்டீர்களா?

கோவைமெக்கானிக்:
இல்லை. சும்மா ஓடுவதை எதற்குப் பிரிப்பது?

பழையவால்வு:
வெடித்தபிறகு பிரிக்கத்தான் வேண்டும்.

திருச்சித்தம்பி:
என் போர்டில் அந்த கெப்பாசிட்டருக்குப் பக்கத்தில் விரல் அகலம் காலி இடம் இருக்கிறது. ஹீட்சிங்க் எதிர்ப்பக்கம். இரண்டும் ஒரே பாக்கெட்டில் வாங்கிய புதுசு, 105 டிகிரி என்று போட்டிருக்கிறது.

பழையவால்வு:
அப்படியானால் கெப்பாசிட்டரின் காலை ஒட்ட வெட்டி, ஸ்லீவ் மாட்டி, ஆடாமல் பசை வைத்து ஒட்டுங்கள். அதற்கு முன் மெயின் ஃபில்டரில் உள்ள பெரிய 400 வோல்ட்காரனை டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். ஆனால் 105 டிகிரி என்றாலே லோ ஈ.எஸ்.ஆர். ஆகிவிடாது. கெப்பாசிட்டர்மேல் அச்சடித்த மாடல் வரிசைப் பெயரைப் பார்த்து டேட்டாஷீட் (கம்பெனியின் விவரத்தாள்) தேடுங்கள்.