13-ஆவது வளைவு

கன்னங்குறிச்சி அம்மா:
போன ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு பஸ்ஸில் நடந்தது. மனசைவிட்டு இறங்க மாட்டேன் என்கிறது. பையனுக்கு ஆட்டிசம், 15 வயது. என்னைவிட ஒரு சாண் உயரம், மீசை அரும்பிவிட்டது. மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுக்கும் எண் போட்ட பலகை இருக்கிறதே, அதை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிப்பதுதான் அவனுக்கு ஏற்காடு. ஏரி, படகு எதுவும் வேண்டாம். பெண்கள் சீட்டில் ஜன்னலோரம், என் பக்கத்தில் இருந்தான். 12 தாண்டியதும் ஒரு அம்மா, "எருமை மாதிரி வளர்ந்துட்டு பொம்பளைங்க சீட்ல உக்காந்திருக்கான், எந்திரிக்கச் சொல்லுங்க" என்றார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் பதறிப்போய், "அவனுக்கு உடம்பு சரியில்லைங்க" என்றேன். அந்தப் பேச்சில் அடுத்த பலகை போய்விட்டது. "பதிமூணு எங்க, பதிமூணு எங்க" என்று முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் உலுக்கினான். திரும்பும்போது காட்டலாம் என்றால் இருட்டிவிட்டது. ஒரு வாரமாகச் சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் அச்சு அசலாக என் குரலில் சொல்கிறான்: "அவனுக்கு உடம்பு சரியில்லைங்க."

சிறப்பு ஆசிரியை, அஸ்தம்பட்டி:
நீங்களாவது பதற்றத்தில் வாய்தவறிச் சொன்னீர்கள். நான் மூன்று வாரம் எழுதியே வைத்தேன். 14 வயதுப் பெண், பேச்சு கிடையாது. திடீரென்று கன்னத்தில் அறைந்துகொள்ள ஆரம்பித்தாள். வயதுக்கு வந்த புதிது, அதுதான் காரணம் என்று வீட்டில் நினைத்தார்கள். நான் பதிவேட்டில், "கவனத்தை இழுக்கச் செய்கிறாள், கண்டுகொள்ள வேண்டாம்" என்று எழுதினேன். எப்போதும் இடது கன்னம்தான், அதைக்கூட நான் யோசிக்கவில்லை. தட்டுவடை செட் என்றால் உயிர் அவளுக்கு. ஒருநாள் ஒரு கடி கடித்தவள் அப்படியே கையில் துப்பி என்னிடம் நீட்டினாள். அப்போதுதான் உறைத்தது. கடைவாய்ப்பல் சொத்தை, ஈறு வீங்கிக் கிடந்தது. பல்லைப் பிடுங்கியதும் அறைவது நின்றுபோனது. அந்தப் பக்கத்தில் என் கையெழுத்து இன்னும் இருக்கிறது.

சூரமங்கலத்துக்காரர்:
முதலில் எழுதிய சகோதரி சொன்னது தவறு. ஆட்டிசம் நோயே இல்லை, நாமே உடம்பு சரியில்லை என்றால் ஊர் என்ன சொல்லும்? மே மாத மலர்க்காட்சியில், அண்ணா பூங்காவில், மைக் சத்தம் தாங்காமல் என் மகன் நடைபாதையில் குப்புறப் படுத்துவிட்டான். நானும் வெயிலில் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன், அவ்வளவுதான். வெட்கம் எதற்கு? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. யூடிஐடி கார்டு, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, வாங்கிக் கையிலேயே வைத்திருங்கள். நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை உண்டு, அதையும் விட்டுவிடாதீர்கள். முக்கியமாக, 18 முடிந்துவிட்டால் பெற்றவர்கள்கூடத் தானாகச் சட்டப்படி காப்பாளர் ஆகிவிட முடியாது. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, கலெக்டர் இருக்கும் உள்ளூர்க் குழுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பேங்க்கில் போய் நின்ற பிறகு முழிக்காதீர்கள். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுகிற பிள்ளை என்றால், சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் இதெல்லாம் கேட்டு வாங்குங்கள்.

அக்கா, அம்மாபேட்டை:
சார், கார்டைக் காட்டினால் எல்லாம் சரியாகிவிடுமா? தம்பிக்கு 17. அப்பா இல்லை. பெண்கள் கழிப்பறைக்குள் அவனைக் கூட்டிப்போக முடியாது, ஆண்கள் பக்கம் தனியாக அனுப்பவும் பயம். ஒரு பஸ் நிலையத்தில், வாசலில் காசு வாங்குகிறவரிடம் கார்டைக் கொடுத்து, "உள்ளே கொஞ்சம் பார்த்துக்கங்கண்ணா" என்றேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இது ஒட்டிக்குமா?" என்றார். கேட்டுவிட்டு, கார்டை விரல்நுனியால் பிடித்துத் திருப்பிக் கொடுத்தாரே, அந்த விரல்தான்.

கன்னங்குறிச்சி அம்மா:
கார்டு கைப்பையில்தான் இருந்தது சார். எடுக்கத் தோன்றவில்லை. இன்று மறுபடி ஏறினோம், கடைசி சீட்டு. பதிமூணு வந்ததும் சத்தமாகப் படித்தான். மிச்சம் ஏழையும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை, தூங்கிவிட்டான்.