பிஎஸ்5-ல் புது எஸ்எஸ்டி போட்டேன், கன்சோல் கண்டுகொள்ளவே இல்லை. என்ன செய்வது?

சாட்ஸ்வொர்த் பையன்

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு நாளாகத் தலையைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

என்னிடம் இருப்பது முதலில் வந்த பிஎஸ்5 (சோனியின் ப்ளேஸ்டேஷன் 5 கேம் கன்சோல்), டிஸ்க் போடுகிற மாடல். பெயருக்கு 825 ஜிபி, கைக்குக் கிடைப்பது 667 தான். தம்பியின் ஃபுட்பால், கார் ரேஸ், நான் மூன்று வருடமாக முடிக்காமல் இழுத்துக்கொண்டிருக்கும் இரண்டு பெரிய கேம் என்று அது இப்போதே நிரம்பி வழிகிறது. இந்த வருடம், 2026-ல், வரப்போவதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. மே 27-ல் 007 ஃபர்ஸ்ட் லைட். செப்டம்பர் 9-ல் ஃபாண்டம் பிளேடு ஸீரோ, அந்த வாள்சண்டை ட்ரெய்லரை எத்தனை தடவை பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். இன்சோம்னியாக் செய்யும் வுல்வரின் வேறு. எல்லாவற்றுக்கும் மேலே நவம்பர் 19-ல் ஜிடிஏ 6 (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ). டர்பன் பக்கம் ஃபீனிக்ஸில் மாமா வீட்டு பிஎஸ்2-ல் பழைய ஜிடிஏ வைஸ் சிட்டி விளையாடி வளர்ந்தவன் நான். அந்த ஊருக்கே திரும்பிப் போகப் போகிறோம் என்றால் இடமில்லை என்று சும்மா இருக்க முடியுமா?

அதனால் மார்ச் 27 வெள்ளிக்கிழமை கேம்களைச் சேமித்து வைக்க ஒரு 1 டிபி எம்.2 எஸ்எஸ்டி (உள்ளே மாட்டும் சேமிப்பு அட்டை) வாங்கினேன். "பிஎஸ்5-க்குள் போட" என்று கடையில் சொல்லித்தான் வாங்கினேன். பெரிய வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் துண்டு விரித்துக் கன்சோலைக் கழற்றினேன். ஆயா பக்கத்தில் நின்று, "நல்ல நாளும் அதுவுமா அதை ஏன்டா அறுக்கிற?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

எஸ்எஸ்டி ஸ்லாட்டில் சரியாகவே உட்கார்ந்தது. ஆனால் கன்சோலைப் போட்டால் ஃபார்மட் செய்யவா என்று கேட்கவில்லை, பிழைச் செய்தியும் இல்லை, எதுவுமே நடக்காததுபோல் நேராக முகப்புக்குப் போய்விடுகிறது. ஸ்டோரேஜ் பக்கத்திலும் பழையது மட்டும்தான். மூன்று முறை கழற்றி மாட்டிவிட்டேன். ஸ்லாட் செத்துவிட்டதா? கன்சோல் நண்பன் ஒருவனிடம் பழையதாக வாங்கியது, வாரண்டி கிடையாது.

லெனேசியா ராஜா

தம்பி, முதலில் சுலபமானதைப் பார்ப்போம். சிஸ்டம் அப்டேட் எப்போது போட்டாய்? அந்த ஸ்லாட் எல்லோருக்கும் வேலை செய்யத் தொடங்கியதே 2021 செப்டம்பர் அப்டேட்டில்தான். பழையதாக வாங்கியது என்கிறாய், நண்பன் அதை இணையத்தில் இணைக்காமலே வைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

அப்புறம் ஸ்லாட்டில் 110, 80, 60, 42, 30 என்று எண்கள் இருக்கும். வழக்கமான நீளமுள்ள எஸ்எஸ்டி என்றால் அந்தக் குட்டி வளையத்தை 80-க்கு மாற்றித்தான் திருகவேண்டும். மாற்றினாயா?

சாட்ஸ்வொர்த் பையன்

அப்டேட் போன வாரம்கூட வந்தது ராஜா அண்ணா. வளையமும் 80-ல்தான். அது கையிலிருந்து நழுவி மேசைக்கு அடியில் உருண்டு, தம்பி டார்ச் அடித்துத் தேடி எடுத்தான், அதனால் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மரிட்ஸ்பர்க் மணி

இந்தத் தொல்லைக்குத்தான் நான் கன்சோல் பக்கமே போவதில்லை. அதை விற்றுவிட்டு அந்தக் காசில் நல்ல கணினி ஒன்று கட்டு. எஸ்எஸ்டி எத்தனை வேண்டுமானாலும் போடலாம்.

லெனேசியா ராஜா

மணி, அவன் ஜிடிஏ 6-க்காகக் காத்திருக்கிறான். அது பிஎஸ்5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்களுக்கும்தான் அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஜிடிஏ 5 கன்சோலுக்கு 2013 செப்டம்பரில் வந்தது, கணினிக்கு 2015 ஏப்ரலில். அதே கம்பெனியின் ரெட் டெட் 2-க்கும் ஒரு வருடம் காக்க வைத்தார்கள். அவனைக் கணினி வாங்கவைத்துவிட்டு 2027-ல் நீ போய் ஆறுதல் சொல்வாயா?

மரிட்ஸ்பர்க் மணி

சரி சரி, வாயை மூடிக்கொண்டேன். ஆனால் ரெட் டெட் 2 கணினியில்தான் அழகு.

ஃபீனிக்ஸ் அக்கா

தம்பி, ஸ்லாட் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதே. எஸ்எஸ்டியை வெளியே எடு. ஸ்லாட்டுக்குள் போகிற ஓரத்தில் தங்க நிறத்தில் பல் வரிசை மாதிரி இருக்கும். அந்த வரிசையில் எத்தனை வெட்டு இருக்கிறது என்று எண்ணிச் சொல். ஒன்றா, இரண்டா? ஸ்டிக்கரில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே போடு.

சாட்ஸ்வொர்த் பையன்

எடுத்துப் பார்த்தேன் அக்கா. இரண்டு வெட்டு. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, நடுவில் அகலமாக ஒரு வரிசை. ஸ்டிக்கரில் "எம்.2 2280, சாட்டா 3, 6 ஜிகாபிட்/வி" என்று பொடி எழுத்தில் இருக்கிறது. டப்பாவில் "வேகம் 560 எம்பி வரை" என்று பெரிய எழுத்தில்.

ஃபீனிக்ஸ் அக்கா

நினைத்தேன். உன் கன்சோலும் நல்லாத்தான் இருக்கிறது, எஸ்எஸ்டியும் நல்லாத்தான் இருக்கிறது. இரண்டுக்கும் பொருத்தம்தான் இல்லை.

எம்.2 என்பது அளவுக்கும் வடிவத்துக்கும் வைத்த பெயர். உள்ளே ஓடுவது இரண்டு வகை. ஒன்று சாட்டா, பழைய ஹார்ட் டிஸ்க் பேசுகிற அதே பாஷை, அதன் உச்சம் கிட்டத்தட்ட உன் டப்பாவில் போட்டிருக்கும் 560 தான். இன்னொன்று என்விஎம்இ, அது பிசிஐஇ வழியாகப் பேசும். பிஎஸ்5-ன் ஸ்லாட்டுக்கு இரண்டாவது பாஷை மட்டும்தான் தெரியும். இரண்டு வெட்டு உள்ளது அந்த ஸ்லாட்டில் தடையில்லாமல் நுழைந்துவிடும், அதுதான் வினை. நுழையாமல் முட்டிக்கொண்டிருந்தால் அன்றைக்கே சந்தேகம் வந்திருக்கும். உள்ளே உட்கார்ந்த பிறகு கன்சோல் பிசிஐஇயில் கூப்பிட்டுப் பார்க்கிறது, அந்தப் பக்கம் பதிலே இல்லை, சரி ஸ்லாட் காலிதான் என்று போய்விடுகிறது. அதனால்தான் பிழைச் செய்தியும் வரவில்லை.

உனக்கு வேண்டியது ஒற்றை வெட்டு உள்ள என்விஎம்இ, நான்காம் தலைமுறை பிசிஐஇ. சோனி பரிந்துரைக்கும் படிப்பு வேகம் நொடிக்கு 5,500 எம்பி அல்லது அதற்கு மேல். 250 ஜிபியிலிருந்து 8 டிபி வரை எடுத்துக்கொள்ளும். ஹீட்சிங்க் (சூட்டை இழுக்கிற உலோகத் தகடு) கட்டாயம் வேண்டும், ஆனால் ஹீட்சிங்கோடு சேர்த்து மொத்த உயரம் 11.25 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. கணினிக்கென்று கோபுரம் மாதிரி ஹீட்சிங்க் வைத்து விற்கிறார்கள், அதை வாங்கிவிட்டு மூடி மூட முடியவில்லை என்று மறுபடி இங்கே வராதே.

என் வீட்டுக்காரரும் முன்பு இதே தப்பைச் செய்தார். நான் கேலி செய்யவில்லை, கொஞ்சம்தான் செய்தேன்.

சாட்ஸ்வொர்த் பையன்

அக்கா, நீங்கள் தெய்வம். கடைக்கு ஃபோன் போட்டேன். "பிரித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம், பில்லிலேயே போட்டிருக்கிறது" என்கிறார்கள். எஸ்எஸ்டி விலை ஏறிக் கிடக்கிற இந்த நேரத்தில் இன்னொன்று வாங்க எனக்கு வழியில்லை.

வெருலம் பெரியவர்

தம்பி, இந்த விளையாட்டெல்லாம் எனக்குத் தெரியாது, பேரனுக்காகத்தான் இங்கே எட்டிப் பார்ப்பேன். ஆனால் கடை விஷயம் தெரியும், முப்பது வருடம் கல்லாவில் உட்கார்ந்தவன்.

நம் தென்னாப்பிரிக்க நாட்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008-ன் 68-ஆம் எண், அதில் 20-ஆம் பிரிவைப் பார். இன்ன வேலைக்கு என்று கடைக்காரரிடம் சொல்லி வாங்கிய பொருள் அந்த வேலைக்குப் பொருந்தவில்லை என்றால், கைக்கு வந்து 10 வேலை நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பில்லில் என்ன அச்சடித்திருந்தாலும் சட்டத்துக்கு மேல் அது நிற்காது. பிரித்ததற்காக நியாயமாக ஏதாவது கழித்துக்கொள்ள அவர்களுக்கும் இடம் உண்டு, அதற்கு மல்லுக்கு நிற்காதே.

நாளை எண்ணிப் பார். வாங்கிய நாள் கணக்கில் வராது. சனி, ஞாயிறு கிடையாது. பெரிய வெள்ளி 3-ஆம் தேதி விடுமுறை, 6-ஆம் தேதி திங்கள் குடும்ப தினம், அதுவும் விடுமுறை. அப்படியென்றால் ஏப்ரல் 14 செவ்வாய் வரை உனக்கு நேரம் இருக்கிறது. ஃபோனில் பேசாதே, நேரில் போ. பில்லோடு, டப்பாவோடு, அந்த பிளாஸ்டிக் தட்டோடு போ. குரலை உயர்த்தாதே. "பிஎஸ்5-க்கு என்று சொல்லித்தானே ஐயா வாங்கினேன்" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்.

அம்சிண்டோ அமைதி

இத்தனை நாள் படித்துவிட்டு மட்டும் போகிறவன் நான். அக்கா சொன்னதைப் பார்த்துவிட்டுச் சந்தேகத்தில் என் மேசை டிராயரைத் திறந்தேன். டிசம்பரில் தள்ளுபடியில் வாங்கி, மாட்ட நேரமில்லாமல் போட்டு வைத்தது. இரண்டு வெட்டு. பத்து நாள் எப்போதோ போய்விட்டது. குப்பைதானா?

ஃபீனிக்ஸ் அக்கா

குப்பையெல்லாம் இல்லை. எம்.2 எஸ்எஸ்டியைப் போட்டு யுஎஸ்பியில் சொருகுகிற சின்ன அலுமினியப் பெட்டி கிடைக்கும், ஒன்று வாங்குங்கள். வாங்கும்போது சாட்டா எம்.2-க்கும் ஆகுமா என்று பார்த்து வாங்குங்கள், பல பெட்டிகள் என்விஎம்இ மட்டும்தான் எடுக்கும். இங்கேயும் அதே வலைதான் விரித்து வைத்திருக்கிறார்கள்!

அதை பிஎஸ்5-ன் பின்பக்க யுஎஸ்பியில் சொருகுங்கள். முதல் மாடலில் முன்பக்கம் இருக்கும் பெரிய யுஎஸ்பி ஓட்டை மெதுவானது, அதில் ஏற்காது. அப்புறம் பிஎஸ்4 கேம்களை அதிலிருந்தே விளையாடலாம். பிஎஸ்5 கேம்களை அங்கே நிறுத்தி மட்டும் வைக்கலாம், விளையாட வேண்டுமென்றால் உள்ளே நகர்த்தவேண்டும். மறுபடி இறக்கி டேட்டாவைக் கரைப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

ஒரு சங்கதி: கேபிளைப் பிடுங்குவதற்கு முன் ஸ்டோரேஜ் பக்கத்தில் அதை நிறுத்திவிட்டுப் பிடுங்குங்கள். லோட்ஷெட்டிங் குறைந்தாலும் எங்கள் தெருவில் கேபிள் திருட்டு குறையவில்லை. ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் கன்சோல் அந்த டிரைவைச் சரிபார்க்கிறேன் என்று உட்கார்ந்துவிடுகிறது.

லெனேசியா ராஜா

இழை எங்கெங்கோ போகிறது, நானும் என் பங்குக்கு ஒரு கதை. 2024-ல் ஜிடிஏ 6 "2025 இலையுதிர் காலம்" என்று அறிவித்தார்கள் அல்லவா? நம் பக்கம் இலையுதிர்வது மார்ச் முதல் மே வரை. நான் பாட்டுக்கு 2025 ஏப்ரலில் இரண்டு வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர்கள் சொன்னது அவர்கள் ஊர் இலையுதிர் காலம், நமக்கு அது வசந்தம். லீவும் போச்சு, அப்புறம் கேமும் 2026 மே 26-க்குத் தள்ளிப் போச்சு, இப்போது நவம்பர் 19. வுல்வரினுக்கும் முதலில் இலையுதிர் காலம் என்றுதான் சொன்னார்கள், இந்த முறை நான் ஏமாறவில்லை. தேதி வரும்வரை லீவு கேட்பதில்லை, முன்பணமும் கட்டுவதில்லை.

ஃபீனிக்ஸ் அக்கா

நவம்பர் 8 தீபாவளி, 16 நம் முன்னோரை இந்தியாவிலிருந்து கூட்டி வந்த முதல் கப்பல் ட்ரூரோ டர்பனில் வந்து நின்ற நாள், 19 ஜிடிஏ. இந்த நவம்பரில் எங்கள் வீட்டில் யாரும் வேலைக்குப் போகப்போவதில்லை.

சாட்ஸ்வொர்த் பையன்

வந்துவிட்டேன். வியாழக்கிழமை நேரில் போனேன். வெருலம் பெரியவர் சொன்னதுபோல் பில், டப்பா, தட்டு எல்லாம். முதலில் அதே பதில்தான். சட்டத்தின் எண்ணைச் சொன்னதும் கவுண்டரில் இருந்தவர் உள்ளே போய் மேலாளரைக் கூட்டி வந்தார். நான் அந்த ஒரே வரியை நான்கு முறை சொன்னேன் என்று நினைக்கிறேன். ஐந்தாவது முறைக்குத் தேவைப்படவில்லை. பணமாகத் தரவில்லை, மேலே கொஞ்சம் போட்டு வேறு எடுத்துக்கொள் என்றார்கள், அது எனக்கும் சம்மதம். கவுண்டரிலேயே டப்பாவைப் பிரிக்கச் சொல்லி வெட்டை எண்ணினேன். ஒன்று. ஹீட்சிங்கோடு உயரம் டப்பாவிலேயே போட்டிருந்தது, 11.25-க்குள்.

சின்னக் கேள்வி, மாட்டுவதற்கு முன்: ஃபார்மட் கேட்கும்போது சரி என்றால் என் பழைய கேம் சேவ் (விளையாடி விட்ட இடத்தின் பதிவு) எல்லாம் போய்விடுமா?

ஃபீனிக்ஸ் அக்கா

போகாது. அது புது எஸ்எஸ்டியை மட்டும்தான் அழிக்கும். பிஎஸ்5 கேம்களின் சேவ் எப்போதும் கன்சோலுக்குள்ளேயே இருக்கும், எம்.2-க்குப் போகவே போகாது. ரெஸ்ட் மோடில் வைக்காமல் முழுதாக அணைத்து, வயரைப் பிடுங்கிவிட்டுத் திற. பயப்படாதே.

சாட்ஸ்வொர்த் பையன்

போட்டாச்சு!

கன்சோலை ஆன் செய்ததும் முகப்புக்கே போகவில்லை, நேராக ஃபார்மட் செய்யவா என்று கேட்டது. முடிந்ததும் படிப்பு வேகம் 6,318 எம்பி என்று காட்டியது. தம்பியின் ஃபுட்பாலைப் புது இடத்துக்கு நகர்த்திப் பார்த்தேன், நான் டீ குடித்து முடிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. இனி இறக்குவதெல்லாம் அங்கேயே போகும்படி மாற்றியும் வைத்துவிட்டேன். இடம் இருக்கிறது என்றதும் தம்பி அவன் பட்டியலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான், அது வேறு தலைவலி.

பெரியவருக்கு: உங்கள் பேரனுக்கு எந்தக் கன்சோல், என்ன கேம் என்று எழுதுங்கள், இடம் போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.

வெருலம் பெரியவர்

அவன் கேட்கிறது ஜிடிஏ தான். வயது பதினொன்று. இடமில்லை என்று சொல்லிவிடு தம்பி.